அம்பாசடர் கூரையின் மழைநீர் விளிம்பை அறுத்தெடுத்த பிறகு: ஒரு நீண்ட கால அனுபவம்

முன்கண்ணாடித் தூணில் தொடங்கி, கதவுகளின் மேலாக வளைந்து, பின்தூண் வரை இறங்கும் மழைநீர் விளிம்பு (கூரைத் தண்ணீரை ஓரமாக வடியவிடும், வெளியே துருத்திய தகட்டு ஓரம்), பழைய அம்பாசடரில் துரு விரும்பிக் குடியேறும் இடங்களுள் ஒன்று. என்னிடம் இருப்பது எண்பதுகளில் வந்த மார்க் 4. சென்னையில் வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் நிற்கும் வண்டி. இருபுற விளிம்புகளையும் முழுமையாக அறுத்தெடுத்து, தகடு வைத்து மூடி, பெயின்ட் அடித்த பின் வடகிழக்குப் பருவமழைகள் பல கடந்துவிட்டன. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துருவுக்கு இது நல்ல வைத்தியம், மழையில் ஓட்டுபவருக்கு அப்படி இல்லை.

கூரைத் தகடும் பக்கச் சட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து ஸ்பாட் வெல்டிங்கில், அதாவது இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, பிணைந்திருக்கும் இடமே இந்த விளிம்பு. இரண்டு வெல்டிங் புள்ளிகளுக்கு நடுவே தகடுகள் ஒட்டியிருப்பதில்லை. அந்த நூலிழை இடைவெளியை மூடியிருக்கும் சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடித்ததும், தண்ணீர் உள்ளே ஊறி, பெயின்ட் ஒருபோதும் எட்டாத பரப்பில் தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, லக்கேஜ் கேரியரின் கொக்கிகள் இதே விளிம்பைத்தான் கவ்விப் பிடிப்பதால், அவை இறுகிய இடமெல்லாம் பெயின்ட் உரிந்துபோகிறது. வெளியே தெரியும் கொப்புளத்தைத் தேய்த்துப் பட்டி போட்டு மறைப்பது வண்டியை விற்கப்போகிறவருக்கு மட்டுமே பயன்படும். என் வண்டியில் பின்கதவுக்கு மேலே ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக அழுத்தியபோது, முந்தைய உரிமையாளர் போட்டிருந்த பட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் தகடு பரோட்டாவைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது.

அம்பாசடருக்குத் தனியாக சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. உடற்கூடே சட்டமாகவும் இருக்கும் மோனோகாக் கட்டுமானம் என்பதால் கூரையும் சுமை தாங்கும் உறுப்புதான். எனவே விளிம்பை ஒரே மூச்சில் நீளவாக்கில் அறுப்பது, கூரையைப் பக்கச் சட்டத்திலிருந்து கழற்றி விடுவதற்குச் சமம். கதவுகள் மாட்டிய நிலையிலேயே, ஒரு சாண் அறுத்து, அதை வெல்டிங் செய்து மூடிய பிறகே அடுத்த சாணுக்குப் போக வேண்டும். கதவு பழையபடி சாத்துகிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேஸ் வெல்டிங் இந்த இடத்துக்கு ஆகாது. அதன் சூடு பரவி, அகன்ற கூரைத் தகட்டை நெளித்துவிடும். மின்சாரத்தால் கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கிலும் தொடர்ந்து இழுக்காமல், புள்ளி புள்ளியாக, ஒரு புள்ளி இங்கே என்றால் அடுத்தது தள்ளி என்று வைத்து, தகடு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவு பொறுமை காட்டிய பிறகும், என் வண்டியின் இடப்பக்கக் கூரையில் சாய்ந்த மாலை வெயிலில் பார்த்தால் மெல்லிய அலை ஒன்று தெரிகிறது. பொருத்திய தகடு 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர். கூரையின் உள் லைனிங்கை முன்னதாகவே கழற்றிவிட வேண்டும், அது எளிதில் தீப்பற்றும். கண்ணாடிகளை ஈரச் சாக்கால் மூட வேண்டும், கிரைண்டர் பொறி கண்ணாடியில் பதிந்தால் எந்தப் பாலிஷிலும் போகாது. பேட்டரி இணைப்பையும் கழற்றி வைக்க வேண்டும்.

துரு விஷயத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எபாக்ஸி பிரைமர் அடித்து, உட்புறக் குழிவில் துருத்தடுப்பு மெழுகு பீய்ச்சிய இணைப்பு முழுவதும் இன்றுவரை கொப்புளம் எழவில்லை. காற்றின் இரைச்சல் குறையும் என்று பட்டறையில் சொன்னார்கள். அம்பாசடரில் இன்ஜின் சத்தத்தைத் தாண்டி அதைக் கேட்டுச் சொல்பவர் யார் என்று தெரியவில்லை.

மழைநாள்தான் சிக்கல். முன்பெல்லாம் கூரையில் விழுந்த தண்ணீர் விளிம்பின் வழியே முன்னும் பின்னும் வடிந்துவிடும். இப்போது அது நேராகக் கதவின் மேல்விளிம்புக்கு வருகிறது. கதவைத் திறந்த நொடியில் தேங்கிய நீர் தோளிலும் சீட்டிலும் கொட்டுகிறது. ஏசி இல்லாத வண்டியில் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தால்தான் உள்ளே மூச்சு விட முடியும், முன்கண்ணாடியிலும் ஆவி படியாது. அந்த வசதி போய்விட்டது. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திறந்தாலும் சாரல் மடியில் விழுகிறது. புதிய கார்களிலும் இப்படித் துருத்தி நிற்கும் விளிம்பு இல்லையே என்று கேட்கலாம். அவற்றில் கூரை இணைப்பு ஒரு பள்ளத்துக்குள், ரப்பர் பட்டையின் அடியில் இருக்கிறது. கதவின் வடிவமும் பீடிங்கும் (கதவைச் சுற்றிய ரப்பர் பட்டை) தண்ணீரைத் தடுத்துத் திருப்பவே வடிவமைக்கப்பட்டவை. அம்பாசடரின் கதவு 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. மேலே விளிம்பு உண்டு என்ற நம்பிக்கையில் வரையப்பட்டது.

கேரியர் மாட்டவும் இனி வழியில்லை; ஊருக்குப் போகும்போது மூட்டை முடிச்செல்லாம் டிக்கிக்குள் அடங்கியாக வேண்டும். கதவுகளுக்கு மேலே ஒட்டிய அக்ரிலிக் வைசர், அதாவது சாரலைத் தடுக்கும் சிறு மறைப்பு, பாதித் தொல்லையைக் குறைத்திருக்கிறது. கதவு பீடிங்கை மட்டும் உள்ளே குழலாக உப்பியிருக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். தட்டையான மலிவு பீடிங் ஒரே கோடையில் இறுகி, அடுத்த மழையில் ஒழுகத் தொடங்கிவிடுகிறது.

துரு ஓரிரு சாண் அளவில் நின்றிருந்தால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி, தகட்டை அதே வடிவில் மடித்துப் புதிய விளிம்பாகவே வைத்துவிடுமாறு டிங்கரிடம் (வண்டித் தகடு வேலை செய்பவரிடம்) கேளுங்கள். அதற்கு வெல்டிங்கும் குறைவு, கூரை நெளியும் அபாயமும் குறைவு. விளிம்பு நெடுகிலும் உளுத்துப்போய், கேரியரும் தேவைப்படாத, மழையில் அதிகம் வெளியே எடுக்காத வண்டிக்கு மட்டுமே முழுமையாக நீக்குவதை நான் பரிந்துரைப்பேன்.