கடலோர ஊரில் ஏர் ரைஃபிள்: கேஸ், பை, சிலிண்டர், ஸ்லிங் – நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

10 மீட்டர் ஏர் ரைஃபிளோ ஏர் பிஸ்டலோ வாங்குபவர்கள், எந்த மாடல் என்று மாதக்கணக்கில் அலசுகிறார்கள். அதைச் சுமக்கும் கேஸ் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததாகவே இருக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற ஊர்களில் இந்த அலட்சியத்துக்கு விலை அதிகம். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், சுடுவதால் இந்தத் துப்பாக்கிகள் சீக்கிரம் தேய்வதில்லை. ஈரக்காற்று, கார் டிக்கியின் வெப்பம், பயணத்தில் படும் அடி, இந்த மூன்றும்தான் அவற்றின் ஆயுளைக் குறைக்கின்றன. துணைச் சாதனங்களுக்கு ஒதுக்கும் பணம் முதலில் இவற்றைத் தடுக்கப் போக வேண்டும். வண்ண ஃபில்டர், கூடுதல் எடைக்கட்டி எல்லாம் பிறகு.

கேஸில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் ஃபோம். மலிவான கேஸ்களில் மென்மையான பாலியூரித்தேன் ஃபோம் இருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கி மெதுவாக எழும். அதன் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரத்தில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். அந்தத் தூள் டிரிகர் பகுதிக்குள்ளும் சைட்டின் (குறி பார்க்கும் கருவியின்) திருகுகளிலும் புகுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. சதுரம் சதுரமாகக் கிள்ளி எடுக்கும் வகை இன்னும் மோசம், அதன் மெல்லிய சுவர்கள் முதலில் கிழியும். மூடிய துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் ஃபோம் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டுப் பிழிந்தால் வித்தியாசம் உடனே தெரியும். கேஸ் நல்லதாக இருந்து ஃபோம் மட்டும் மட்டமென்றால், பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் இந்த ஃபோம் பலகையாகவே கிடைக்கும். துப்பாக்கியை அதன்மேல் வைத்து வரைந்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் தளர்வு விட்டு, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டினால் போதும். மூடியிலுள்ள ஃபோம் சைட்டை அழுத்தாதபடி அங்கே ஒரு குழி விட வேண்டும். அழுத்தினால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஜீரோ, அதாவது குறிக்குச் சரிசெய்து வைத்த சைட் நிலை, நகர்ந்திருக்கும்; காரணம் தெரியாமல் சைட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

எவ்வளவு நல்ல ஃபோம் என்றாலும் கேஸ் என்பது எடுத்துச் செல்லத்தான். வீட்டில் துப்பாக்கி குடியிருக்கும் இடம் அதுவல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். 60 சதவீதத்துக்கு மேலேயே எஃகில் துரு பிடிக்கும் வேகம் கூடிவிடுகிறது. மூடிய கேஸில் அடைபட்ட ஈரம் வெளியேற வழியே இல்லை. பூட்டு உள்ள இரும்பு அலமாரியில், மென்மையான துணி ஒட்டிய தாங்கியில் நிற்க வைப்பதே நல்லது. பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டு கட்டாயம், சாவி பெரியவர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று ஏசி ரேஞ்ச். இரண்டு மணி நேரம் 22 டிகிரியில் இருந்த பேரல் (துப்பாக்கிக் குழல்), வெளியே 34 டிகிரி ஈரக்காற்றைத் தொட்டதும் வியர்க்கும். குளிர்ந்த சோடா பாட்டிலில் துளிர்ப்பது போலத்தான், ஆனால் இங்கே துளிர்ப்பது பேரலுக்குள்ளும். செய்ய வேண்டியது எளிது. ஏசி அறைக்குள்ளேயே துடைத்து, கேஸில் வைத்து, மூடிப் பூட்டிவிடுங்கள். உள்ளே அடைபடுவது அந்த அறையின் உலர்ந்த காற்று. வீட்டுக்கு வந்து குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, உள்ளே இருப்பது வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறந்து, வெளியே எடுத்து, எண்ணெய் தொட்ட துணியால் வெளி உலோகத்தை ஒருமுறை துடையுங்கள். கையிலுள்ள வியர்வையின் உப்பு ஒரே இரவில் விரல் ரேகையைத் துருவாகப் பதித்துவிடும் என்பதால் இந்தத் துடைப்பை மறக்கக் கூடாது.

ரைஃபிள் கேஸுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 200 கிராம் போதும், பிஸ்டல் கேஸுக்கு 50 கிராம். ஷூ பெட்டியில் வரும் குட்டிப் பொட்டலம் இதற்கு எதற்கும் உதவாது. ஆரஞ்சு நிற மணி பச்சையானாலோ நீல நிறம் இளஞ்சிவப்பானாலோ அது நிறைந்துவிட்டது என்று பொருள். வெயிலில் காய வைப்பதால் பெரிதாகப் பயனில்லை. 110 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமைக்கும் ஓவனில் வைக்க வேண்டாம். மணியின் நிறம் மாறியபின் பார்க்காமல் விட்ட ஜெல், ஈரத்தைக் கேஸுக்குள்ளேயே வைத்துக் காக்கும் மூட்டைதான்.

அளவு, பூட்டு பற்றிச் சுருக்கமாக. கேஸின் உள்நீளம் துப்பாக்கியைவிட 5 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். பூட்டியபின் மூலையில் விரல் விட்டு நெம்பிப் பாருங்கள். கை நுழையும் இடைவெளி வந்தால் அந்தக் கேஸ் விமானப் பயணத்துக்கு ஆகாது. எடையும் முக்கியம். விதிப்படி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். கேஸே 7 கிலோ என்றால், உள்நாட்டு விமானங்களில் வழக்கமாகக் கிடைக்கும் 15 கிலோவில் ஜாக்கெட்டுக்கும் ஷூவுக்கும் இடமிருக்காது. டில்லி கர்ணி சிங் ரேஞ்சுக்குப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

டூ வீலரில் போகிறவர்களுக்குக் கடினக் கேஸ் ஒத்துவராது. முதுகில் மாட்டும் துணிப் பை வாங்கும்போது துணியைவிடத் தோள்பட்டை தைத்த இடத்தைப் பாருங்கள். பட்டை பையின் அடிவரை ஒரே நாடாவாக ஓட வேண்டும். மேலே மட்டும் தைத்த பட்டை முதலில் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கும். ஜிப் பெரிய பல் கொண்டதாகவும் இரண்டு இழுப்பான்களைச் சேர்த்துப் பூட்டக் கூடியதாகவும் இருக்கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் துப்பாக்கி வடிவம் தெரியாத நீள்சதுரப் பையே நல்லது. வழியில் வீண் பரபரப்பு வராது. கிளப் அடையாள அட்டையும் வாங்கிய ரசீதின் நகலும் பையிலேயே இருக்க வேண்டும். .22 தோட்டா ரைஃபிள் வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. பிஸ்டலுக்கு இடுப்பு உறை தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 10 மீட்டர் விளையாட்டில் உறையிலிருந்து எடுக்கும் வேலையே இல்லை. அந்தப் பணத்தில் நல்ல பூட்டு வாங்குங்கள்.

இப்போது துப்பாக்கிக்கு அழுத்தக் காற்றைத் தரும் சிலிண்டர். எல்லாத் துணைச் சாதனங்களிலும் அதிகக் கவனம் கேட்பது இதுதான். உடலில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். போட்டித் துப்பாக்கிச் சிலிண்டர்களின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு. காலாவதியாகாத சிலிண்டரை வைத்திருப்பது வீரரின் பொறுப்பு என்று சர்வதேச விதியும் சொல்கிறது. பழைய ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறதென்றால் முதலில் இந்தத் தேதியைப் பார்த்து, புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அடுத்தது அழுத்தம்; அதை அளக்கும் அலகு பார். தயாரிப்பாளரைப் பொறுத்து இது மாறும்: ஃபைன்வெர்க்பாவ் 200 பார், வால்தர் எல்ஜி 400 என்றால் 300 பார். கிளப்பில் ஒரே பெரிய டேங்கிலிருந்து எல்லாரும் நிரப்பும்போது 200 பார் சிலிண்டரை 300 பார் இணைப்பில் மாட்டிவிடும் ஆபத்து உண்டு. நிரப்பு அழுத்தத்தைப் பெரிய எழுத்தில் சிலிண்டரின்மேல் ஒட்டி வையுங்கள். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாக நிரப்பினால் சூடேறி, அழுத்தமானி 200 காட்டும், ஆறியபின் குறைந்திருக்கும்.

30 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், வெயிலில் நிற்கும் காரில் 60 டிகிரிக்குப் போனால் 220 பார் ஆகிவிடும். ஆகவே காரில் விட்டுப் போவதாக இருந்தால் முழுதாக நிரப்ப வேண்டாம். விடாமலிருப்பது அதைவிட நல்லது. கைப் பம்பு பயன்படுத்துவோர் இங்குள்ள ஈரக்காற்றையும் சேர்த்தே அழுத்துகிறார்கள். அந்த நீர் சிலிண்டருக்குள் தங்கி காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை அரிக்கும், குண்டின் வேகம் ஏறி இறங்கத் தொடங்கும். ஈர வடிகட்டி உள்ள பம்பு வாங்கி, ஐம்பது அறுபது முறை பம்பு அடித்ததும் நிறுத்தி வடிகால் திருகைத் திறந்துவிடுங்கள். முடிந்தால் ஸ்கூபா டைவிங் நிலையத்தில் நிரப்பிய டேங்க் எடுத்துக்கொள்வது மேல்; அந்தக் காற்று உலர்த்தி வடிகட்டியது. கசிவு சந்தேகமென்றால் மானி அளவைக் குறித்து வைத்து மறுநாள் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி இணைப்பில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான். அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கான் கிரீஸைத் துளி தடவினால் போதும். தையல் மெஷின் எண்ணெய், சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பற்றக் கூடியது. விமானத்துக்கு முன் சிலிண்டரைத் துப்பாக்கியுடன் வந்த காற்று விடும் திருகால் முழுக்கக் காலி செய்து, கவுன்டரில் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

பேரலில் குண்டு இல்லை என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக் இல்லாமல் ரேஞ்சில் யாரும் விட மாட்டார்கள். ஏர் துப்பாக்கிக்கு அது பேரலின் முழு நீளமும் ஓடி வெளியே தெரிய வேண்டும், நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது அதைப் போன்றதாக இருக்க வேண்டும். புல் வெட்டும் மெஷினுக்கான ஆரஞ்சு நைலான் கயிறு 2.4 மில்லிமீட்டரில் கிடைக்கும், 4.5 மில்லிமீட்டர் பேரலில் சிரமமின்றி ஓடும். ஒரு மீட்டர் வாங்கி, இரு முனையும் தெரியும்படி வெட்டி, முனையைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். மணல் ஒட்டிய கயிறு பேரலுக்கு அரம். எனவே தரையில் போடாமல், பேரலில் நுழைக்கும் முன் ஒருமுறை துணியால் இழுத்துத் துடைக்க வேண்டும்.

50 மீட்டர் படுத்துச் சுடும் .22 காரர்களுக்கு ஸ்லிங், அதாவது ரைஃபிளைக் கையோடு பிணைக்கும் பட்டை, தனி விஷயம். விதிப்படி அகலம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தோல் ஸ்லிங் அழகு, ஆனால் வியர்வையில் ஊறி நீளும். காலையில் சரியாக இருந்த துளை மதியம் தளர்ந்து, ரைஃபிள் மெல்லக் கீழிறங்கும். நம் வெயிலுக்கு நீளாத செயற்கைப் பட்டையே ஏற்றது. ஸ்லிங்கின் மேற்கையைச் சுற்றும் கைக்கட்டு நழுவாமலிருக்க உட்புறம் ரப்பர் பூச்சு வேண்டும். கையின் உட்பக்கத் தமனிமேல் அது அமர்ந்தால் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் முன் சைட் துள்ளும். கொக்கியைக் கையின் வெளிப்பக்கமாகத் திருப்பி, தோளுக்கு அருகே உயர்த்திக் கட்டினால் துள்ளல் அடங்கும். சரியான துளையின் எண்ணையும் ஹேண்ட்ஸ்டாப் (ரைஃபிளின் அடியில் முன்கை முட்டி நிற்கும் தடுப்பு) நிற்கும் அளவுகோல் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கேஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கையுறை மொத்தம் 12 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்க வேண்டும். வியர்த்த கையுறையையும் ஜாக்கெட்டையும் துப்பாக்கியோடு ஒரே கேஸில் ஒருபோதும் திணிக்க வேண்டாம். நிழலில் காற்றாட உலர்த்தி, தனிப் பையில் எடுத்து வாருங்கள்.