செண்டேரோ அணைப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ரப்பர் கைவலை தேவையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தூண்டில் கடைகளில், தூண்டிலில் மாட்டிய மீனை முகந்தெடுக்கும், மடக்குப் பிடி வைத்த ரப்பர் கைவலை தொங்குகிறது. முடிச்சுப் போட்ட நைலான் வலையைவிட விலை நன்றாகவே கூட. பிடித்ததையெல்லாம் குழம்பு வைப்பவருக்கு இது வீண் செலவு. பிடித்து மறுபடி ஆற்றில் விடுகிறவர் வாங்கலாம்.

காரணம் அணை. 1930இல் கட்டி முடித்த செண்டேரோ, பேராக் ஆற்றில் மேலேறும் மீனுக்குக் குறுக்கே நிற்கிறது. அணைக்குக் கீழே மீன் மலிந்து கிடப்பதுபோல் தெரிவது, அவை மேலே போக முடியாமல் திரள்வதால்தான். அந்தக் கூட்டத்தில் தெமோலேயும் மாட்டலாம். உடல் நெடுகக் கருங்கோடுகள் ஓடும் மீன் அது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. உயிரோடு திரும்பிப் போயாக வேண்டும்.

நைலான் முடிச்சு செதிலைப் பெயர்க்கும், மேல்வழவழப்பை உரசி எடுக்கும். வழவழப்பு போன இடத்தில் பஞ்சுபோல் பூஞ்சை பிடிக்கும். நீந்திப் போன மீன் பிறகு சாவது நம் கண்ணில் படாது. ரப்பரில் இந்தச் சேதம் குறைவு. மும்முனை முள்ளும் வலையில் சிக்கி நேரத்தைத் தின்னாது.

ஆனால் காய்ந்த ரப்பரும் உரசும். முகப்பதற்கு முன் நனையுங்கள். மீன் தலைப் பக்கமாக உள்ளே வரட்டும். வாலைத் துரத்தினால் துள்ளி ஓடும். வலையைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே குறடால் நசுக்கியிருந்தால் சட்டென்று கழலும். படம் எடுப்பதானால் ஈரக் கையால், படுக்கை வாட்டில், வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். செவுளில் விரல் விடவே கூடாது. விரால் இனத்துத் தோமான் காற்றைக் குடித்துத் தாக்குப்பிடிக்கும், கெண்டை இனத்துச் செபாராவ் தாங்காது. (சிவந்த குஞ்சுக் கூட்டத்தோடு தோமான் மேலே வந்தால் தூண்டிலே போடாதீர்கள். காவல் நிற்கும் தாய் தகப்பன் போனால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை.)

குறைகளும் உண்டு. கண் பெரிதான வலையில் லம்பாம் என்னும் கெண்டை வகையின் சிறு மீன் தலையை நுழைத்துச் செவுளைக் கிழித்துக்கொள்ளும். ஆழம் குறைந்ததில் பெரிய மீன் எகிறிவிடும். நீரோட்டத்தில் கனம் கையை இழுக்கும். முதலில் கெடுவது பிடியின் பிளாஸ்டிக் பூட்டு: மணல் புகுந்தால் பொத்தான் முழுக்க வெளியே வராது, மீனைத் தூக்கும்போது பிடி மடங்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் ரப்பர் என்ன ஆகும் என்று பால்மரம் சீவிய ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாங்குமுன் பிடியை முழுக்க நீட்டி, வலைக்குள் இரண்டு கிலோ அரிசிப் பொட்டலத்தைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். வளையம் முறுக்கிக்கொண்டால் வேண்டாம். கடை முதலாளி தவுக்கே முறைப்பார், முறைக்கட்டும்.