‘பெர்னதெத்’ பெயர் பிரேம்: கோவைக் கடையொன்றின் வேலை

கோவை டவுன்ஹால் பகுதியில் ஒரு சிறு பரிசுப்பொருள் கடையில், குழந்தையின் பெயரோடு அதன் பொருளையும் வரலாற்றையும் அச்சிட்டு, கண்ணாடி போட்டு பிரேம் செய்து தருகிறார்கள். தன் அமுச்சியின் (தாய்வழிப் பாட்டியின்) பெயரையே பெற்ற என் தங்கை மகளின் திருமுழுக்குக்காக, ‘பெர்னதெத்’ என்ற பெயருக்கு ஒன்று செய்யச் சொல்லியிருந்தேன். மரவேலையிலும் அச்சிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால், இத்தகைய பொருளின் மதிப்பு அதில் எழுதப்பட்டிருப்பதில்தான் இருக்கிறது.

முதல் மாதிரியில் ‘தேவதை போன்றவள்’ என்று, எந்தப் பெண்ணின் பெயருக்கும் பொருந்தக்கூடிய ஒரு வரிதான் இருந்தது. அது போதாது என்றதும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் விவரங்களைத் தேடிப் புதிதாக எழுதினார். பெர்னார் என்ற ஆண்பெயரின் பெண்பால் செல்ல வடிவமே பெர்னதெத் என்பதும், பழைய ஜெர்மானிய மொழியில் கரடியையும் உறுதியையும் குறித்த இரு சொற்கள் சேர்ந்து அந்த ஆண்பெயர் உருவானது என்பதும் இரண்டாம் மாதிரியில் தெளிவாக இடம்பெற்றன. பெண் குழந்தைக்குக் கரடியா என்று வீட்டில் சிலர் தயங்கினாலும், அந்த உரத்தை மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏனெனில் இப்பெயரை உலகறியச் செய்தவரும் உரம் மிக்கவரே. 1844 ஜனவரி 7 அன்று பிரான்சின் லூர்து நகரில் ஒரு மாவு ஆலைக்காரரின் மகளாகப் பிறந்த பெர்னதெத் சுபிரு, ஞானத்தாயாக நின்ற தன் பெரியம்மா பெர்னார்தின் பெயரைப் பெற்றவர். 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை அங்குள்ள மசபியேல் கெபியில் (குகையில்) 18 முறை அன்னை மரியாளின் காட்சி கண்டதாகச் சொன்ன அவர், காவல் அதிகாரியும் பங்குக்குருவும் துருவித் துருவி விசாரித்தபோதும் தம் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. 1879இல் பிரான்சின் நெவேர் நகர மடத்தில் தம் 35ஆம் வயதில் இறந்த அவருக்கு 1933 டிசம்பர் 8 அன்று புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. இவை அனைத்தும் பிரேமில் பிழையின்றி உள்ளன.

பிரான்சோடு நம் ஊருக்குள்ள தொடர்பு மட்டும் விடுபட்டிருந்தது. 1850இல் மறைமாவட்டத்துக்கு முந்தைய நிலையான அப்போஸ்தலிக்க விகாரியேட்டாக உயர்த்தப்பட்ட கோவைப் பகுதியின் முதல் தலைவர் மரியோன் பிரெசியாக் ஆண்டகை ஒரு பிரெஞ்சுக்காரர். அவருடைய பாரிஸ் வேதபோதகச் சபைக் குருக்கள் பல்லாண்டுகள் இங்கே பணியாற்றினார்கள். இதைச் சேர்க்கக் கேட்டபோது, கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்தார்கள்.

எழுத்தின் அளவுதான் பெருங்குறை. பெயருக்குரிய அமுச்சியாலேயே அதைக் கண்ணாடி அணிந்தும் படிக்க இயலவில்லை. சொன்ன நாளைவிடத் தாமதமாகவே தந்தார்கள். ஆகவே விழாவுக்கு வெகுமுன்பே சொல்லிவைத்து, மாதிரியை அச்சிட்ட தாளில் பார்த்து, எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிய பிறகே ஒப்புதல் தருவது நல்லது.