மணப்பாடா, உவரியா?

இரண்டு நாள் கடலோரம் தங்கி மீன் தின்ன வேண்டும் என்றால் திருநெல்வேலிக்காரர்கள் சொல்வது இந்த இரண்டு ஊர்களைத்தான்.

கதை வேண்டுமானால் மணப்பாடு. 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் பழைய நெல்லைச் சீமைதான். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது, இங்குள்ள மீனவர்களான பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே போர்ச்சுகீசியர் ஆதரவில் கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தார்கள். அவர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, மணல்குன்றின் கடல் பக்கச் சரிவில் இருக்கிறது. மேலே திருச்சிலுவைக் கோயில், கீழே கருமேனியாறு கடலில் சேரும் கழிமுகம். மதியம் மட்டும் மணலில் கால் வைக்காதீர்கள், பொசுக்கிவிடும்.

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயில், அந்தோணியார் திருத்தலம், கப்பல் வடிவில் கப்பல் மாதா கோயில், எல்லாம் ஒரே ஊருக்குள். வெள்ளி, செவ்வாய் கூட்டம் தாங்காது. அதனால் அமைதி தேடிப் போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மீன் இரண்டு ஊரிலும் ஒரே கடல் மீன்தான். விடியலில் வள்ளம் கரையேறும்போது போங்கள். சாளை வாங்கினால் செதில் மதியம்வரை கையில் மினுங்கும். சீலா கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். என் ஓட்டு மணப்பாட்டுக்கு.