ஹங்கா, ஹேங்டா? ஆங்கில இறந்தகாலத்தில் முட்டிக்கொள்ளும் ஜோடிகள்

'மை சிஸ்டம் காட் ஹேங்ட்.' நம் ஊர் அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது. கணினி அசையாமல் நின்றுவிட்டது என்பதுதான் எழுதியவர் சொல்ல வந்தது. எழுதியிருப்பதோ, கணினியைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்று.

'ஹேங்' என்ற ஒரே வினைக்கு இரண்டு இறந்தகாலம். படத்தைச் சுவரில் மாட்டினால் ஹங், ஆளைத் தூக்கிலிட்டால் ஹேங்ட். பழைய ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்த வினைகள் ஒன்றாகக் கலந்ததால் வந்த வினை இது. 16ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்துப் பக்கமிருந்து ஹங் பரவி, எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. நீதிமன்றம் மட்டும் பழையதை விடவில்லை. இந்தியாவின் 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், மரண தண்டனை பற்றிய 354(5) பிரிவில், கழுத்தில் கயிறிட்டுச் சாகும்வரை 'ஹேங்ட்' என்றுதான் இருந்தது. ஹங் அங்கே நுழையவே முடியாது.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. தொங்கவிடுவது வேறு, தூக்கிலிடுவது வேறு. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத 'ஹங் அசெம்ப்ளி'யைத் தொங்கு சட்டசபை என்று நம் பத்திரிகைகள் அழகாக எழுதிவிட்டன. அதையே ஆங்கிலத்தில் 'ஹேங்ட் அசெம்ப்ளி' என்று எழுதினால் எம்.எல்.ஏ.க்களின் கதி என்ன ஆவது? கணினிக்கு ஹங் சரி. ஃப்ரோஸ் என்று எழுதினால் குழப்பமே கிடையாது, என் ஓட்டு அதற்குத்தான்.

லேயும் லெய்டும்

இருப்பதிலேயே பெரிய புதைகுழி இதுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பல நூற்றாண்டுகளாக இதில் விழுந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் நமக்கு ஒரு சாவி இருக்கிறது. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா?

குழந்தை தொட்டிலில் கிடந்தது. அம்மா குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். 'கிட' என்பது தன்வினை, ஆங்கிலத்தில் லை. 'கிடத்து' என்பது பிறவினை, ஆங்கிலத்தில் லே. கிடந்தது என்றால் லே, கிடத்தினாள் என்றால் லெய்ட். 'ஹேவ்' சேர்ந்து வரும்போது முன்னது லெய்ன் ஆகும், பின்னது லெய்டாகவே நிற்கும். வம்பு எங்கே என்று பார்த்தீர்களா? கிடப்பதன் இறந்தகாலமும் கிடத்துவதன் நிகழ்காலமும் ஒரே 'லே'. இது போதாதென்று, பொய் சொல்வதற்கும் லை என்றே பெயர். அதன் இறந்தகாலம் லைட், விளக்கு லைட் இல்லை.

எனவே எழுதுவதற்கு முன் மனசுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'கிடத்தினான்' அல்லது 'வைத்தான்' என்று வந்தால் லெய்ட், 'கிடந்தான்' என்று வந்தால் லே. 'நேற்று முழுக்கப் படுத்தே கிடந்தேன்' என்பதற்கு 'ஐ லெய்ட் இன் பெட்' என்று எழுதினால், எதைக் கிடத்தினீர்கள் என்ற கேள்வி வரும். முட்டையா? கோழிக்குத்தான் அந்தச் சலுகை. முட்டையிட்டது என்றால் எப்போதும் லெய்ட்தான்.

இதே சாவி வேறு சில பூட்டுகளையும் திறக்கும். எழு, எழுப்பு என்ற ஜோடிதான் ரைஸ், ரெய்ஸ். எழுந்தான் என்றால் ரோஸ், எழுப்பினான் என்றால் ரெய்ஸ்ட். விழு, வீழ்த்து என்பதற்கும் ஜோடி உண்டு. மரம் விழுந்தால் ஃபெல், மரத்தை வெட்டி வீழ்த்தினால் ஃபெல்ட். இந்த ஃபெல்ட் 'உணர்ந்தேன்' என்ற ஃபெல்ட் அல்ல, எழுத்துக்கூட்டல் வேறு.

கண்டதும் நிறுவியதும்

ஒரு வினையின் இறந்தகாலமே இன்னொரு வினையின் வேர்ச்சொல்லாக வந்து உட்கார்ந்துகொள்ளும் ஜோடிகள் சில உண்டு. ஃபைண்டின் இறந்தகாலம் ஃபவுண்ட், கண்டுபிடித்தார் என்று பொருள். அதே ஃபவுண்டுக்கு நிறுவு என்ற பொருளும் உண்டு, அதன் இறந்தகாலம் ஃபவுண்டட். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் ஃபவுண்டட். 'ஃபவுண்ட்' என்று எழுதினால், எங்கேயோ காணாமல் போயிருந்ததை அந்த ஆண்டில் தேடிப் பிடித்தார்கள் என்றாகிவிடும்.

மாவரைத்த கதையும் இதே கதைதான். வீட்டில் கிரைண்டர் இருப்பதால் 'கிரைண்டட்' என்று நம் வாயில் தானாக வருகிறது. சமையல் குறிப்புகளில் நிறையப் பார்க்கலாம். சரியானது கிரவுண்ட். மைதானமும் அதே கிரவுண்ட்தானே என்று தயங்க வேண்டாம். கிரவுண்டட் என்றால் விமானத்தைப் பறக்கவிடாமல் தரையில் நிறுத்திவைத்தது.

இரண்டுமே சரி, ஊர்தான் வேறு

ட்ரீம்ட், ட்ரெம்ட். லீப்ட், லெப்ட். இதில் தப்பு, சரி என்ற பேச்சே இல்லை. முன்னது அமெரிக்காவில் அதிகம், பின்னதை பிரிட்டனில் கூடுதலாகக் கேட்கலாம். ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

கெட் மட்டும் கொஞ்சம் சுவையான விஷயம். பிரிட்டனில் காட், அமெரிக்காவில் 'ஹேவ்' சேர்ந்தால் காட்டன். தமிழில் எழுதினால் பருத்தி மாதிரி தெரிகிறது, என்ன செய்ய! இது அமெரிக்கர்களின் கொச்சை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இது இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போன பழைய வடிவம். தாய்வீட்டில் அது செத்துப்போனது, போன இடத்தில் பிழைத்துக்கொண்டது. பிரிட்டனில் ஃபர்காட்டன் என்ற சொல்லில் அதன் எலும்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் வேறுபாடும் வைத்திருக்கிறார்கள். கையில் இருக்கிறது என்றால் 'ஹேவ் காட்', புதிதாகக் கிடைத்தது என்றால் 'ஹேவ் காட்டன்'. கொச்சை என்று ஒதுக்கியவர்களிடம் இந்த வசதி இல்லை.

எதிர்த்திசையில் நீந்தும் இரண்டு

பொதுவாக ஆங்கிலத்தில் உயிரெழுத்தை மாற்றும் பழைய வினைகள் நாளடைவில் கடைசியில் '-எட்' சேர்த்துக்கொண்டு சாதுவாகிவிடும். ஹெல்ப்பின் பழைய வடிவமான ஹோல்பன், 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இருக்கிறது. இன்று ஹெல்ப்ட்தான். ஆனால் டைவ்ட் என்று சாதுவாக இருந்தது, 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் டோவ் ஆகிவிட்டது. ட்ரைவ், ட்ரோவ் பக்கத்திலேயே இருந்த பாதிப்பு. ஸ்னீக்டுக்குப் போட்டியாக ஸ்னக் வந்ததும் அங்கேதான். நண்பர்களிடம் ஸ்னக் ஜோராக இருக்கும். வேலை விண்ணப்பத்தில் ஸ்னீக்ட் போட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் பதுங்கி நுழைந்த கதையை ஏன் எழுதுகிறீர்கள் என்பது தனிக் கேள்வி.

அப்புறம் சிங், ரிங், ஸ்விம் போன்ற வினைகளின் சாங், சங் வகை. தனியாக வந்தால் சாங், ராங், ஸ்வாம். 'ஹேவ்' கூட வந்தால் சங், ரங், ஸ்வம். இவ்வளவுதான் விதி. இதைத் தெரிந்தவர்களும் ட்ரிங்கிடம் வந்ததும் தடுமாறி, 'ஐ ஹேவ் ட்ராங்க்' என்கிறார்கள். சரியானது ட்ரங்க். ஆனால் அந்தச் சொல்லிலேயே போதை வாசனை அடிப்பதால் வாய் தானாகப் பின்வாங்குகிறது. இதற்காக ஆங்கிலத்தைக் கிண்டல் செய்துவிட வேண்டாம். காலை 9 மணிக்கு மேலாளரிடம் போய், காபி என்ற சொல்லை விட்டுவிட்டு, 'குடித்திருக்கிறேன் சார்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.