தந்தையின் பெட்டிகளும் மகனின் குறிப்புகளும்: 'த ஹிஸ்டரி ஆஃப் மிடில்-எர்த்' 12 தொகுதிகள்

1973 செப்டம்பரில் ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் காலமானபோது, ஏறத்தாழ அறுபதாண்டுகளாக எழுதியும் திருத்தியும் முடிவு காணாத ஒரு பெருங்கதையை விட்டுச் சென்றார். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலுக்கு முந்தைய யுகங்களைச் சொல்லும் அந்தக் கதைக்கு நிலைத்த வடிவம் என்று ஒன்று இல்லை. ஒரே நிகழ்ச்சி உரைநடையிலும் செய்யுளிலும் ஆண்டுக்குறிப்பு நடையிலும் பல முறை எழுதப்பட்டு, ஒவ்வொரு முறையும் பெயர்கள் மாறி, பாதியில் நின்று கிடந்தது. அந்தக் காகிதக் குவியலைத் தந்தை ஒப்படைத்துச் சென்றது தம் மூன்றாம் மகன் கிறிஸ்டோபரிடம். அந்தக் கதைகள் நிகழும் கற்பனை உலகான மிடில்-எர்த்தின் பெயரால், 'த ஹிஸ்டரி ஆஃப் மிடில்-எர்த்' என்று 1983 முதல் 1996 வரை அவர் பதிப்பித்து வெளியிட்ட 12 தொகுதிகளைச் சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வாங்கிப் படித்து முடித்திருக்கிறேன். இவற்றை வாங்கலாமா, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இவை நாவல்கள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தந்தையின் ஒரு வரைவு, அதைத் தொடர்ந்து எண்ணிட்ட குறிப்புகள், பின்னர் மகனின் விளக்கவுரை என்ற ஒழுங்கிலேயே பெரும்பாலான பகுதிகள் அமைந்திருக்கின்றன. எந்தச் சொல் அடிக்கப்பட்டது, எந்தப் பெயர் எதன் மேல் எழுதப்பட்டது, எந்தத் தாள் எந்த ஆண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பதையெல்லாம் கிறிஸ்டோபர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கதையின் விறுவிறுப்பை எதிர்பார்த்து வருபவர் நாற்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் அந்தக் குறிப்புகளில்தான் இந்தப் பதிப்பின் உயிர் இருக்கிறது. முதலிரண்டு தொகுதிகளான 'த புக் ஆஃப் லாஸ்ட் டேல்ஸ்' முதல் உலகப் போர்க்காலத்தில் தொடங்கப்பட்ட கதைகளைக் கொண்டது. அவற்றில் பலவற்றைத் தந்தை பென்சிலில் எழுதி, பிறகு அதே தாளில் மையால் வேறொரு வடிவத்தை எழுதி, அடியில் இருந்த பென்சில் எழுத்தை அழித்திருக்கிறார். ஒரு தாளுக்குள் இரண்டு கதைகள் கிடக்க, மேலே உள்ளது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பிற்கால வரைவுகள் சில மாணவர்களின் தேர்வுத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதப்பட்டவை. 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கையெழுத்துப் படிகளோ அமெரிக்காவின் மார்க்வெட் பல்கலைக்கழகத்துக்கு விற்கப்பட்டிருந்ததால், பிரான்சில் குடியேறியிருந்த மகன் அவற்றின் நகல்களை வைத்துக்கொண்டே அந்த நாவல் உருவான கதையை நான்கு தொகுதிகளில் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

ஆறாம் தொகுதியான 'த ரிட்டர்ன் ஆஃப் த ஷேடோ'வை எடுத்துக்கொள்வோம். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோவின் பெயர் முதலில் பிங்கோ. பிரீ ஊர் விடுதியின் மூலையில் அமர்ந்திருக்கும் மர்ம மனிதர் அரகோர்ன் அப்போது மனிதரே அல்லர். மரச்செருப்புப் போட்டுக்கொண்டு திரியும் டிராட்டர் என்ற ஹாபிட், அதாவது டோல்கீன் படைத்த குட்டை உருவ இனத்தவர். அந்த ஹாபிட் யார் என்று எழுதிக்கொண்டிருந்த தந்தைக்கே தெரியவில்லை. வரைவுக்கு வரைவு அந்த உருவம் வளர்ந்து, கடைசியில் ஓர் அரச வம்சத்தின் வாரிசாக நிமிர்ந்து நிற்பதை இந்தத் தொகுதிகளில் பின்தொடர்ந்து வருவது, முடிந்த நாவலைப் படிப்பதற்குக் குறையாத இன்பம் தருகிறது. எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு தொகுதியையாவது கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன்.

இந்த வேலைக்கு மகனைவிடத் தகுதியானவர் கிடைத்திருக்க முடியாது. சிறுவயதில் 'த ஹாபிட்' கதையைக் கேட்கும்போதே, போன முறை பில்போ வீட்டுக் கதவு நீலம் என்றீர்கள், இப்போது பச்சை என்கிறீர்கள் என்று தந்தையை இடைமறித்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, எழுதி முடித்த அத்தியாயங்கள் அவருக்குத் தபாலில் போய்க்கொண்டிருந்தன. நாவலோடு அச்சான வரைபடம் அவர் கையால் வரைந்தது. அதற்கப்பால், பழைய ஆங்கிலத்திலும் பழைய நார்ஸ் மொழியிலும் தேர்ந்த அறிஞராக ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தியவர். அந்தப் பதவியை 1975இல் விட்டுவிட்டுத்தான் தந்தையின் காகிதங்களோடு உட்கார்ந்தார். பாடபேதங்களை ஒப்பிட்டுப் பழகிய கண் அது.

ஆனாலும் அவர் முதலில் செய்தது வேறு வகையான வேலை. 1977இல் வெளியான 'த சில்மரில்லியன்' பல வரைவுகளிலிருந்து எடுத்து இழை தெரியாமல் நெய்த ஒரே கதை. அதில் எங்கே தந்தை நிறுத்தினார், எங்கே மகன் தொடர்ந்தார் என்று வாசகருக்குத் தெரியாது. குறிப்பாக டோரியத் நாட்டின் அழிவைச் சொல்லும் 22ஆம் அத்தியாயம். அதற்குத் தந்தையிடம் 1930 வாக்கில் எழுதிய பழைய வடிவமே முழுமையாக இருந்தது. பிற்காலக் கதைப்போக்கோடு அது பொருந்தவில்லை. மாயவேலி சூழ்ந்த நாட்டுக்குள் குள்ளர்கள் எப்படி நுழைந்து அரசன் திங்கோலைக் கொன்றார்கள் என்ற கேள்விக்கு விடையில்லை. கிறிஸ்டோபரும், அப்போது அவருக்கு உதவியாக இருந்த கை கேவ்ரியல் கே என்ற கனடா இளைஞரும் சேர்ந்து ஒரு விடையை உருவாக்கி எழுதினார்கள்.

இதை நாம் எப்படி அறிவோம் என்றால், கிறிஸ்டோபரே சொன்னதால்தான். 1994இல் வந்த பதினோராம் தொகுதியான 'த வார் ஆஃப் த ஜுவல்ஸ்' நூலில் அந்த அத்தியாயம் எவ்வாறு புனையப்பட்டது என்பதை விவரித்து, பதிப்பாசிரியரின் எல்லையை அவ்வளவு தூரம் தாண்டாமலேயே அந்தச் சிக்கலைத் தீர்த்திருக்க வேண்டும் என்று எழுதுகிறார். உலகெங்கும் விற்ற தம் நூலைப் பற்றி, யாரும் வற்புறுத்தாமல், பதினேழு ஆண்டுகள் கழித்து இப்படி எழுதும் துணிவு எத்தனை பதிப்பாசிரியர்களுக்கு வரும்? தனிப்பட்ட முறையில் எனக்கு அந்த அத்தியாயம் பிடிக்கும். மோசம் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. ஆயினும் அவர் வருத்தம் நியாயமானதே. சொல்லப்போனால், 12 தொகுதிகள் முழுவதையும் தம் முதல் நூலின் தையலைத் தாமே பிரித்துக் காட்டும் முயற்சியாகவும் படிக்கலாம். மரபுரிமை கையில் இருக்கும்போது, வாரிசு தந்தையின் பெயரில் புதுக்கதைகளை எழுதுவிக்க எவ்வளவோ வழியுண்டு. இவர் எதிர்த்திசையில் நடந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐயாயிரம் பக்கங்களைத் தாண்டும் இந்த வரிசையில் கூறியது கூறல் தவிர்க்க முடியாதது. ஹூரினின் மகன் டூரினின் துயரக் கதை மட்டும் வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. முந்தைய தொகுதிகளைப் பக்க எண்ணோடு சுட்டிக்கொண்டே போவதால், நடுவில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் தவித்துப் போவார். என்னிடம் உள்ள மெல்லட்டைப் பிரதிகளில் குறிப்புகள் பொடி எழுத்தில் இருக்கின்றன. இரவு விளக்கில் படிப்பதை நான் மூன்றாம் தொகுதியோடு கைவிட்டேன். அதைவிட முக்கியமாக, பின்னாளில் தனி நூலாக வந்த 'பெரன் அண்ட் லூதியன்' (2017) பெரும்பாலும் இந்தத் தொகுதிகளில் ஏற்கெனவே உள்ளதே. ஆலன் லீயின் ஓவியங்களுக்காக வாங்கலாம், புதிய பகுதிகளை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

முதன்முறை வாங்குபவர் 2007இல் வந்த 'த சில்ட்ரன் ஆஃப் ஹூரின்' நூலில் தொடங்குவது நல்லது. தந்தையின் சொற்களைக் கொண்டே, கதை ஓட்டத்தைக் குறிப்புகள் எதுவும் இடைமறிக்காமல் தொடுத்த நூல் அது. 1977இல் கற்ற பாடம் அதன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் தெரிகிறது. அடுத்து 1980இல் வந்த 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்'. அதற்குப் பிறகும் பசி தீரவில்லை என்றால் ஆறாம் தொகுதி, பிறகு முதல் இரண்டு. நான்காவதும் ஐந்தாவதும் ஆய்வாளர்களுக்கே.

'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' நூலை வாங்கினால் முதல் கதையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். டூவோர் என்ற இளைஞன் மறைந்திருக்கும் கோண்டோலின் நகரைத் தேடி, பனியிலும் குளிரிலும் நெடுந்தூரம் நடந்து, மலைப்பிளவில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வாயில்களைக் கடந்து, கடைசி வாயிலையும் தாண்டி, கீழே சமவெளியில் அந்த வெண்ணகரைக் கண்ணால் காண்கிறான். 1951 வாக்கில் தந்தை எழுதியது அதோடு நின்றுவிட்டது. நகருக்குள் அவன் கால் வைப்பதில்லை. மேற்கொண்டு என்ன நடந்திருக்கும் என்பதற்கான பழைய வடிவம் முழுவதுமாக மகனின் கையில் இருந்தது, 'த சில்மரில்லியன்' நூலுக்குச் செய்ததைப் போல இணைத்து எழுதவும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு வாக்கியம்கூடச் சேர்க்காமல் அந்த இடத்திலேயே கதையை நிறுத்தி, கீழே தம் குறிப்பைத் தொடங்குகிறார்.