நாலு வருஷமா வெப்சைட்ல வளைவு போட்டுப் பார்த்த அனுபவம்

சைட் டிசைன் பண்றதுதான் என் வேலை. எந்த சைட்ட முடிச்சுக் குடுத்தாலும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கட்டம் கட்டமா இருக்கே"ன்னு ஒரு பேச்சு வந்துட்டே இருக்கும். ஒருநாள் நானே போன்ல ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தப்போதான் உறைச்சுது, மேல கலர் பட்டை, அதுக்குக் கீழ வெள்ளைப் பட்டை, மறுபடி கலர் பட்டை, நடுவுல மூணு கார்டு, அட்டைப்பெட்டிய அடுக்கி வச்ச மாதிரியேதான் இருந்துச்சு. அதுல இருந்து நாலு வருஷமா வளைவு வளைவா போட்டுப் பார்த்துட்டேன், இதுல எது நின்னுச்சு எதைத் தூக்கிட்டேன்னு எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல எல்லாரும் பண்றதுதான் நானும் பண்ணேன், பார்டர் ரேடியஸ், அதாவது பெட்டியோட மூலைய உருட்டி விடுற கட்டளை. ஒரு காலத்துல ஒரு பெட்டிக்கு மூலைய உருட்டணும்னா நாலு மூலைக்கும் நாலு குட்டிப் படம் வெட்டி ஒட்டணும், 2011ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 வந்து அதுவும் இதை ஏத்துக்கிட்ட பிறகுதான் அந்த வேலை குறைய ஆரம்பிச்சுது. அவ்வளவு ஈசியா கிடைக்குதேன்னு கார்டு, பட்டன், படம், எல்லாத்துக்கும் 24 பிக்சல் போட்டுத் தள்ளினேன். ஆனா கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சுது, ஓரம் மழுங்கின கட்டம். ப்ரவுசர் எந்த எலிமென்ட்டையும் செவ்வகமாத்தான் வைக்கும், ரேடியஸ் மூலைய மட்டும்தான் தொடும், பக்கவாட்டுல போற நேர்கோடு அப்படியேதான் இருக்கும். இன்னொண்ணும் அப்போ கத்துக்கிட்டேன், கார்டுக்கு 24 வச்சு உள்ள 16 பிக்சல் பேடிங் (உள்பக்க இடைவெளி) குடுத்தா உள்ள இருக்கிற படத்துக்கு 8தான் வைக்கணும், ரெண்டுக்கும் 24னு வச்சா மூலைல மட்டும் இடைவெளி தடிச்சுத் தெரியும், ஏன் அசிங்கமா இருக்குன்னு பார்க்கிறவங்களுக்கு சொல்லத் தெரியாது ஆனா கண்ணுக்கு உறுத்தும்.

எனக்கு உண்மையா வித்தியாசம் தெரிஞ்ச இடம் வேற. ஒரு செக்ஷன் முடிஞ்சு அடுத்த செக்ஷன் ஆரம்பிக்கிற இடத்துல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கோடு போகுது பாருங்க, கண்ணு அங்கதான் தடுக்குது. மூலை எல்லாத்தையும் பழையபடி 8 பிக்சலுக்குக் கொண்டு வந்துட்டு, பக்கத்தோட உச்சில பெரிசா இருக்கிற ஹீரோ செக்ஷனுக்குக் கீழ மட்டும் எஸ்விஜில (கோடுங்களை எழுதி வரையற பட வகை) ஒரு அலை வச்சேன், பக்கமே மாறிப்போச்சு. அந்த அலைல பெரிசா ஒண்ணும் இல்ல, இடது ஓரத்துல ஒரு புள்ளி, வலது ஓரத்துல ஒரு புள்ளி, கோட்டை மேலயும் கீழயும் இழுக்க நடுவுல ரெண்டு கன்ட்ரோல் பாயின்ட். பெசியர் கர்வ்தான் அது, 1960கள்ல ரெனோ கம்பெனில பியர் பெசியர் கார் பாடிய வரையறதுக்குப் பயன்படுத்தினது. ஃபைல் சைஸும் ஒரு கேபி கூட வராது.

அதுக்கு முன்னாடி இதே அலைய பிஎன்ஜியா, அதாவது கலர் மாறாத சாதாரண படமா வச்சிருந்தேன், அந்தத் தப்பை யாரும் பண்ணாதீங்க. டார்க் மோட் போட்டதும் அலையோட வெள்ளை மட்டும் அப்படியே பளிச்சுன்னு நின்னுச்சு. பக்கத்துக்குள்ளயே நேரா எழுதின எஸ்விஜில ஃபில் கலரை கரன்ட் கலர்னு, அதாவது அங்க இருக்கிற எழுத்தோட கலரையே எடுத்துக்கோன்னு விட்டா தீம் மாறும்போது அதுவும் கூடவே மாறிடும்.

எஸ்விஜிலயும் தலைவலி இல்லாம இல்ல. அலைக்கும் கீழ இருக்கிற செக்ஷனுக்கும் நடுவுல முடி மாதிரி மெல்லிசா ஒரு கோடு, என் லேப்டாப்ல தெரியாது, ஜூம் பண்ணா தெரியும், சில போன்ல தெரியும், ரெண்டு நாள் அதோடயே மல்லுக்கட்டினேன். இதுக்குக் காரணம் ரெண்டு. எஸ்விஜி இன்லைனா, அதாவது வரியில ஒரு எழுத்து மாதிரி இருந்தா, எழுத்தெல்லாம் உட்கார்ற பேஸ்லைன்லயே அதுவும் உட்காரும், அதனால கீழ சில பிக்சல் காலியா விடும், டிஸ்ப்ளே பிளாக் போட்டுத் தனிப் பெட்டியா ஆக்கினா அது போயிடும். அப்புறமும் மிஞ்சுற மெல்லிசு கோடு, உயரம் அரை பிக்சல் கால் பிக்சல்ல முடியறதால வர்றது, அதுக்கு மைனஸ் 1 பிக்சல் மார்ஜின் குடுத்து அலைய அடுத்த செக்ஷன் மேல லேசா ஏத்தி விட்டுருவேன். இப்பல்லாம் அலை வச்சாலே யோசிக்காம இந்த ரெண்டையும் சேர்த்தே எழுதிடறேன்.

அடுத்து மொபைல். 1440 அகலத்துக்கு வரைஞ்ச அலைய 360 பிக்சல் போன்ல உயரம் மாறாம அமுக்கினா சரிவு நாலு மடங்கு செங்குத்தாயிடும், அலைன்னு நெனைச்சு வச்சது மலை மாதிரி நிக்கும். உயரத்தை கிளாம்ப் (இதுக்குக் குறையாத, இதுக்கு மேல போகாதன்னு வரம்பு வைக்கிறது) போட்டு 40 பிக்சலுக்கும் 120 பிக்சலுக்கும் நடுவுல ஸ்க்ரீன் அகலத்தோட சேர்ந்து மாற விட்டேன், அப்புறம்தான் எல்லா ஸ்க்ரீன்லயும் அதே அமைதி வந்துச்சு.

கிளிப் பாத், அதாவது ஒரு பெட்டிய வேணும்ங்கிற வடிவத்துல வெட்டிக் காட்டுறது, எனக்குப் பிடிக்கும், போட்டோவோட அடிப்பக்கத்தை எலிப்ஸ்ல வெட்டினா அழகா வரும். ஆனா அது பாக்ஸ் ஷேடோவையும் சேர்த்து வெட்டிடும், நிழல் வேணும்னா வெளிய ஒரு டிவ் (வெறும் பெட்டி) வச்சு அதுக்கு டிராப் ஷேடோ ஃபில்டர் குடுக்கணும். பட்டன்ல மட்டும் கிளிப் பாத் போடவே மாட்டேன், கீபோர்டுல டேப் அடிச்சு வர்றவங்களுக்கு எங்க இருக்கோம்னு காட்டுற ஃபோகஸ் கோடும் வெட்டுப்பட்டுரும், பார்க்க அழகா இருக்கணும்னு ஒருத்தருக்கு வழி தெரியாம பண்றது நியாயமே இல்ல.

ஷேப் அவுட்சைட் வச்சு வட்டப் படத்தைச் சுத்தி எழுத்தை வளைய விட்டதும் உண்டு. ஃப்ளோட் பண்ண, அதாவது ஒரு பக்கமா ஒதுக்கி வச்ச எலிமென்ட்டுக்குத்தான் அது வேலை செய்யும், அது கூடப் பரவாயில்ல, நம்ம வார்த்தைங்க நீளம், ஒரு வார்த்தை இடம் பத்தாம அடுத்த வரிக்குப் போனா வளைவோட ஓரத்துல பெரிய ஓட்டை விழுது. மூணு மாசம் வச்சிருந்துட்டு எடுத்துட்டேன். அசையற ப்ளாப் (ஒழுங்கில்லாத உருண்டை வடிவம்) பேக்கிரவுண்டும் அப்படித்தான், பழைய போன்ல ஸ்க்ரோல் தத்தித் தத்தி வந்துச்சு.

இப்போ ஒரு பக்கத்துக்கு ரெண்டு வளைவு, அதுக்கு மேல போறதில்ல. ஹீரோவுக்குக் கீழ ஒண்ணு, பக்கத்தோட அடில இருக்கிற ஃபுட்டருக்கு மேல அதையே இடம் வலம் திருப்பி ஒண்ணு. ஃபார்ம், டேபிள், விலைப் பட்டியல் பக்கம் வளைவையே கொண்டு போறதில்ல, அங்க நேர்கோடுதான் வாசிக்கிறவங்களுக்கு உதவி. புதுசா கார்னர் ஷேப்னு ஒரு ப்ராப்பர்ட்டி 2025ல க்ரோம் 139ல வந்திருக்கு, ஸ்க்விர்க்கிள்னு (சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுப்பட்ட வடிவம்) குடுத்தா மூலை திடீர்னு வளையாம மெதுவா வளைஞ்சு வருது, தெரியாத ப்ரவுசர் வழக்கமான ரேடியஸையே காட்டிடும், அதனால பயமில்லாம கார்டுங்களுக்கு மட்டும் போட்டு வச்சிருக்கேன்.